அந்தப் படத்தில் ஆடே இல்லை

என் இடப்பக்கத்துச் சபீனாவுக்கு,

உன் இடம் காலியாக இல்லை. இதை வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. பத்தாம் வகுப்புக்கு மாடியில் வேறு அறை கொடுத்திருக்கிறார்கள். ரயில் போனால் ஜன்னல் கம்பி அதிரும். பெஞ்சு மட்டும் பழையபடி மூன்று பேர் பெஞ்சு. அந்த ஓரம் திவ்யா, இந்த ஓரம் நான், நடுவில் எங்கள் பைகள். அங்கே பைகளை வைக்கலாம் என்று நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை. ஒரு நாள் அவள் வைத்தாள், நானும் வைத்தேன்.

இந்தக் கடிதம் பள்ளி ஆண்டு மலரில் வரப்போகிறது. உன்னைப் பற்றி எழுதித் தரும்படி தமிழ் மிஸ் கேட்டது திவ்யாவைத்தான். அது தெரிந்ததும் நான் ஆசிரியர் அறை வாசலில் போய் நின்றேன்.

"மிஸ், நானும் எழுதறேன்."

"திவ்யா எழுதறாளேம்மா. அவதான சபீனாவுக்கு ரொம்ப க்ளோஸ்?"

"நானும் க்ளோஸ்தான் மிஸ்."

ரேஷன் கடை வரிசையில் 'நான் முன்னாடியே வந்துட்டேன்' என்று முண்டுகிறவர்களின் குரல் போல இருந்தது என் குரல். எனக்கே கேட்டது. மிஸ் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சரி, எழுது. ஆனா அழுது வடியக் கூடாது" என்றார்.

அழுது வடிய மாட்டேன். எனக்கு இப்போது அழுகையைவிடப் பொறாமைதான் அதிகம். இறந்துபோன தோழிக்குப் பொறாமையோடு கடிதம் எழுதலாமா? தெரியவில்லை. ஆனால் உன்னிடம் மறைத்துப் பயனில்லை. உன்னிடம் நான் சொன்ன ஒரு பொய் கூடப் பலித்ததில்லை என்பதே எனக்கு இந்த ஆயுத பூஜை விடுமுறையில்தான் தெரியவந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் இரங்கல் கூட்டத்தில் திவ்யா பேசினாள். நீங்கள் இருவரும் போன தீபாவளிக்குத் தியேட்டரில் பார்த்த படத்தில், கல்யாண மண்டப மேனேஜர் ஒரே முகூர்த்தத்தை இரண்டு வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு, "கவலையே படாதீங்க, மேளம் ஒண்ணு, தாலி ரெண்டு" என்பாரே, அதை நீ சொல்வது போலவே கழுத்தைச் சாய்த்துச் சொல்லிக் காட்டினாள். பாதியில் உடைந்துபோனாள். எல்லோரும் அழுதார்கள். விசிலைக் கழுத்தை விட்டுக் கழற்றாத பி.டி. மிஸ் கூட அழுதார். நான் மட்டும் அழவில்லை. இது உங்கள் இரண்டு பேர் வசனம், எனக்கு இதில் பங்கில்லை என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு உன்னைப் பற்றி எது கேட்பதென்றாலும் திவ்யாவிடம்தான் கேட்கிறார்கள். உன் நோட்டுகளை வாங்கிப்போக உன் அம்மா வந்தபோது, உன் ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்து, "நீ வச்சுக்கம்மா" என்று திவ்யாவின் கையில் கொடுத்தாராம். நான் அப்போது கழிவறைக்குப் போயிருந்தேன். ஐந்தே நிமிடம். திரும்பி வந்தபோது உன் அம்மா வாசல் கதவைத் தாண்டிவிட்டார், பாக்ஸ் அவள் மடியில் இருந்தது.

ஆனால் படத்துக்கு நீ முதலில் கூப்பிட்டது என்னைத்தான். இதைத் திவ்யாவும் படிக்கட்டும். "சனிக்கிழமை மேட்னி. அத்தா கூட்டிட்டுப் போறாரு. உனக்கும் சேத்து சொல்லட்டுமா?" என்று கேட்டாய். நான் என்ன பதில் சொன்னேன்? நூலகப் புத்தகத்தைத் திங்கட்கிழமை திருப்பித் தரவேண்டும் என்றேன். அதோடு விட்டேனா? "இந்த மாதிரி அறைஞ்சு சிரிக்க வைக்கிற படமெல்லாம் எனக்குப் பிடிக்காது" என்றும் சொன்னேன்.

"எம்மாடி, டீச்சரம்மா!" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாய். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, "திவ்யா, நீ வர்றியாடி?" என்றாய்.

திங்கட்கிழமை காலை பிரேயரிலிருந்தே ஆரம்பித்துவிட்டது. அவள் "மேளம்" என்றால் நீ "தாலி" என்பாய். இரண்டு பேரும் குலுங்குவீர்கள். நடுவில் நீ இருந்தாய், உன் முதுகுதான் என் பக்கம் இருந்தது. நான் அந்த வாரம் முழுக்க உன் பின்னலைப் பார்த்துக்கொண்டே பாடம் கேட்டேன். ரிப்பன் முடிச்சில் ஒரு நூல் பிரிந்திருந்தது கூட நினைவிருக்கிறது.

அதனால்தான் பொய் சொன்னேன். மாலை நேரம். திவ்யா முடிச்சூர் பஸ்ஸைப் பிடிக்க ரயில்வே நடைமேம்பாலம் ஏறி மேற்குப் பக்கம் போய்விட்டாள். நீயும் நானும் வழக்கம்போல வேளச்சேரி சாலையில், நான் ஷேர் ஆட்டோ ஏறும் கேம்ப் ரோடு நிறுத்தத்தை நோக்கி நடந்தோம்.

"நானும் பாத்துட்டேன்பா அந்தப் படத்த. நேத்து, பல்லாவரத்துல. மாமா கூட்டிட்டுப் போனாரு."

நீ நின்றாய். ஒரு நொடி என் முகத்தையே பார்த்தாய்.

"அப்படியா? அப்ப அந்த ஆடு ஷேர் ஆட்டோல ஏறுமே, அந்த சீன் எப்படி?"

"ஐயோ! அதுதான் பெஸ்ட்."

"பெஸ்ட்டா?"

"சிரிச்சு சிரிச்சு வயிறே வலிச்சுடுச்சு."

கரும்பு ஜூஸ் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ சிரித்த சிரிப்பை அந்த ஜூஸ்காரர் இன்னும் மறந்திருக்க மாட்டார். ஆட்டை நினைத்துச் சிரிக்கிறாய் என்று எண்ணி நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு நீ, "ஞாபகம் இருக்கா..." என்று ஆரம்பித்து, அந்த சீன் முழுவதையும் நடந்துகொண்டே நடித்துக் காட்டினாய்.

ஒரு கல்யாண வீட்டார் சைவம், இன்னொரு வீட்டார் அசைவம். விருந்துக்கு வந்த ஆட்டைச் சைவக்காரர்கள் கண்ணில் படாமல் கடத்திக்கொண்டு போக வேண்டும். மேனேஜர் அதை ஷேர் ஆட்டோவில் ஏற்றுகிறார். உள்ளே ஏற்கெனவே பத்துப் பேர். "ஆடு லேடீஸா ஜென்ட்ஸா, அதச் சொல்லு, அப்புறம் இடம் சொல்றேன்" என்கிறார் டிரைவர். ஆடு ஒரு பாட்டியம்மாவுக்கும் ஒரு போலீஸ்காரருக்கும் நடுவில் உட்காருகிறது. உட்கார்ந்ததும் மேனேஜர் கையிலிருந்த முகவரிச் சீட்டைத் தின்றுவிடுகிறது. "ஐயா, தெரு பேரை மட்டுமாவது துப்பிடுங்க ஐயா" என்று மேனேஜர் ஆட்டிடம் கெஞ்சுகிறார். ஆடு அவரை ஒரு பார்வை பார்க்கிறது. கேம்ப் ரோடு வந்ததும், தன் ஸ்டாப் வந்துவிட்டது போல எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கிப் போகிறது. மேனேஜரும் வேறு வழியில்லாமல் அதன் பின்னால் போகிறார்.

அந்த ஆட்டின் பார்வையை நீ செய்தாயே! தாடையை மட்டும் மெல்ல அசைத்து, கண்ணைப் பாதி மூடி, உலகத்தில் எதையும் விளக்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு முகம். நான் சாலையிலேயே குனிந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் அந்தப் படத்தில் ஒரு துண்டு. மேனேஜர் நூலகத்துக்குப் போய் ஒளிந்துகொள்ளும் சீன். அதன் வாசலில் படித்துக்கொண்டே நடந்து வருகிற ஒரு பெண், விளக்குக் கம்பத்தில் மோதி, தலை நிமிராமலே "சாரி அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போவாள். "அந்தப் பொண்ண ஞாபகம் இருக்கா?" என்றாய். "சரியான லூசு" என்றேன். நீ இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டாய்.

ஒரு நாள் கணக்கு வகுப்புக்கு முன்னால் நீயும் திவ்யாவும் மறுபடி மேளத்தையும் தாலியையும் பேசிக்கொண்டிருந்தீர்கள். எனக்கும் இப்போது படம் தெரியுமே என்ற தைரியத்தில், "அந்த ஆடு..." என்று ஆரம்பித்தேன். உன் ஜியாமெட்ரி பாக்ஸ் தடாலென்று தரையில் விழுந்தது. காம்பஸ் ஒரு பக்கம், கோணமானி ஒரு பக்கம். மூன்று பேரும் பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்து பொறுக்கி எழுந்தபோது பேச்சு மாறிவிட்டது. உன் முழங்கை அசைந்ததை நான் பார்த்தேன் சபீனா. நீ வேண்டுமென்றேதான் தள்ளினாய். உங்கள் பேச்சுக்குள் நான் வரக் கூடாது என்றுதான் தள்ளினாய் என்று நினைத்தேன். அன்று மாலை கேம்ப் ரோடு வரை நான் வாயே திறக்கவில்லை. நீயே பேசிக்கொண்டு வந்தாய்.

கடைசி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும் துரத்த, மேனேஜர் மண்டபத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிவிடுகிறார். யாரோ ஏணியை எடுத்துவிட்டார்கள். கீழே இரண்டு மாப்பிள்ளைகள், நானூறு விருந்தாளிகள். எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். மேனேஜர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, வாயைத் திறக்கிறார். அந்த இடத்தில் மாடம்பாக்கம் ஷேர் ஆட்டோ வந்துவிட்டது. நான் ஏற வேண்டும்.

"அங்க அவரு என்ன சொல்வாருன்னு ஞாபகம் இருக்குல்ல?" என்றாய்.

பார்த்துவிட்டேன் என்று சொன்னவள் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? "ம், இருக்கே" என்றேன்.

"அப்ப திங்கக்கிழமை நீ சொல்லு."

திங்கட்கிழமை நீ வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். ஐந்தாம் நாள் பிரேயரில் தலைமையாசிரியை உன் பெயரைச் சொன்னார்.

எட்டு மாதம் எனக்கு அந்தப் படத்தைப் பார்க்க மனம் வரவில்லை. ஆனால் தண்ணீர்த் தொட்டி மேல் அந்த ஆள் வாயைத் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தார். அவர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. திவ்யாவைக் கேட்டிருக்கலாம். கேட்க மாட்டேன் என்று பிடிவாதம்.

ஆயுத பூஜைக்கு அப்பா புதிதாக வாங்கிய வி.சி.டி. பிளேயருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ரிமோட்டுக்கும் ஒரு பொட்டு வைத்தார். மறுநாள் நான் கேம்ப் ரோட்டு வாடகைக் கடையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து வந்தேன். "நீயா சினிமா கேக்குற?" என்று அம்மாவுக்கு ஆச்சரியம். சுண்டலைக் கிண்ணங்களில் போட்டுக் கொடுத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள். உன்னைப் பார்க்கப் போவது போல நான் தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

முதல் அரை மணி நேரம் அறை, உதை, வழுக்கி விழுதல். மேளம், தாலி வசனம் வந்தது. நீ சொன்னதில் பாதி கூட இல்லை. அவர் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அப்பா "ஹ" என்று ஒரே ஒரு முறை சிரித்தார். அந்த ஒரு சிரிப்பு மேல் கூட எனக்குப் பொறாமை வந்தது. நான் ஆட்டுக்குக் காத்திருந்தேன். முதல் சி.டி. முடிந்தது, ஆடு வரவில்லை. இரண்டாவது சி.டி.யில் அப்பா தூங்கிவிட்டார். நூலகம் வரவில்லை. தண்ணீர்த் தொட்டி இல்லை, ஏணி இல்லை. கதாநாயகன் நான்கு பேரை அடித்தான், எல்லோரும் ஒன்றாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், படம் முடிந்துவிட்டது.

"இதுக்கா போன தீபாவளிக்கு ஊரே சிரிச்சுது?" என்றாள் அம்மா, கிண்ணங்களை அடுக்கியபடி.

அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன்.

"அண்ணா, இதுல நிறைய சீன் கட் பண்ணிட்டாங்க."

"இன்னாமா சொல்ற? ஒரிஜினல் சி.டி. மா. பேர் போடறதுலேர்ந்து சுபம் வரிக்கும் அல்லாம் கீது."

"ஆடு ஷேர் ஆட்டோல ஏறுற சீன் இல்லையே."

"ஆடா?" அவர் பக்கத்தில் நின்றிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "அந்தப் படத்துல பிரியாணில கூட ஆடு கெடையாதுமா. நான் பத்து தபா பாத்துகினேன்."

தியேட்டரில் ஆடு வந்திருக்கும், சி.டி. போடும்போது வெட்டியிருப்பார்கள் என்று அப்போதும் நம்பினேன். பள்ளி திறந்ததும் வேறு வழியில்லாமல் திவ்யாவிடம் கேட்டேன். சாப்பாட்டு நேரம். அவள் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க தியேட்டர்ல பாத்தப்ப, அதுல ஆடு வந்துச்சா?"

"ஆடா? இல்லியே."

"லைப்ரரி? தண்ணித் தொட்டி?"

"ஏய், அது கல்யாண மண்டபம்பா. லைப்ரரி எங்க வரும்? யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் இல்ல."

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். "அந்தப் படமே மொக்கை கயல். இன்டர்வெல்லயே சபீனா, போலாம்பான்னா. அவங்க அத்தாதான் பாப்கார்ன் வாங்கிக் குடுத்து உக்கார வச்சாரு."

"அப்புறம் ஏன் ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சீங்க?"

"எனக்கு அந்த ஒரு டயலாக் பிடிச்சிருந்துது. அதனால எனக்காகத் திரும்பத் திரும்பப் பேசிக் காட்டுவா." டப்பாவை மூடிவிட்டு, "நான் ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் டெய்லி வீட்டுக்குப் போறப்ப அப்படி என்ன பேசுவீங்க? நான் பிரிட்ஜ் மேல நின்னு பாப்பேன். அவ தாடைய ஆட்டி ஆட்டி என்னமோ செய்வா, நீ ரோட்லயே குனிஞ்சு சிரிப்ப. ஒரு நாள் அதையே பாத்துட்டு நின்னு முடிச்சூர் பஸ்ஸ விட்டுட்டேன்."

எட்டு மாதமாக நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் பாலத்தின் மேல் நின்று என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "சும்மாதான், ஹோம்வொர்க் பத்தி" என்றேன். அவள் முகம் எப்படி ஆயிற்று என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மாலையில் தனியாக நடந்து வந்தபோதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. படம் நடப்பது கும்பகோணத்தில், அது அப்போதே போஸ்டரில் போட்டிருந்தது. கும்பகோணத்து ஆடு எப்படிக் கேம்ப் ரோட்டில் இறங்கும்? பாடப்புத்தகத்தில் அச்சுப்பிழை கண்டுபிடித்து மிஸ்ஸிடம் காட்டுகிற நான் அதைக் கேட்கவே இல்லை. தபால் நிலையத்துக்குப் பக்கத்து விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது அந்தப் பெண் யாரென்றும் தெரிந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் அந்தக் கம்பத்தில் மோதியது நான்தான். சாரி சொன்னதும் நான்தான். சரியான லூசு.

ஆட்டைப் பற்றி நீ கேட்டபோதே என் பொய் உனக்குத் தெரிந்துவிட்டது. திவ்யாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேரும் ஒரு வாரம் சிரித்திருக்கலாம். நீ சொல்லவில்லை. உனக்கே பிடிக்காத ஒரு படத்தை, எனக்காகப் புதிதாக எடுத்தாய். நான் 'ஆடு' என்று வாய் திறந்து திவ்யா முன்னால் மாட்டிக்கொள்ள இருந்த நொடியில் ஜியாமெட்ரி பாக்ஸைத் தள்ளிவிட்டாய். நான் உன்னோடு பேசாமல் வந்தேன்.

அந்தப் பாக்ஸ் இப்போதும் தினமும் திவ்யாவின் பக்கத்தில் இருக்கிறது. கீழே விழுந்ததில் அதன் ஒரு மூலை நசுங்கியிருக்கிறது. மூடும்போது அவள் அந்த மூலையை மட்டும் கட்டைவிரலால் அழுத்தி மூடுவாள். முன்பு அதைப் பார்த்தால் எரியும். இப்போது, பாக்ஸ் அவளிடமே இருக்கட்டும், அந்த நசுங்கல் என்னுடையது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். பார்த்தாயா, பொறாமை இன்னும் போகவில்லை.

வேறு செய்தி என்ன? உன் அத்தா கடையில் ஃபேனுக்குக் கம்பி சுற்றிக்கொண்டே, நான் போகும்போது தலையை நிமிர்த்தி "படிக்கிறியாம்மா?" என்கிறார். படிக்கிறேன் என்கிறேன். அவரும் அந்தப் படத்தை முழுதாக உட்கார்ந்து பார்த்தவர்தானே? சிரித்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.

இப்போது ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த மலர் அச்சாகி வருவதற்குள், ஒரு மாலை நான் நடைமேம்பாலம் ஏறி, திவ்யாவோடு முடிச்சூர் பஸ் நிற்கும் இடம் வரை நடப்பேன். ஹோம்வொர்க் என்று சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்வேன். எனக்கு நடிக்க வராது, உனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த ஆட்டை அவளுக்குச் செய்து காட்டுவேன், தாடையோடு, அந்தப் பார்வையோடு. பஸ் போனால் போகட்டும், அடுத்தது வரும். கம்பத்தில் மோதிய பெண்ணையும் அவளுக்குக் கொடுத்துவிடுகிறேன். அவள் வேண்டிய மட்டும் சிரிக்கலாம்.

தண்ணீர்த் தொட்டியை மட்டும் கொடுக்க மாட்டேன். அங்கே அவர் என்ன சொல்வார் என்று நீ கேட்டது என்னிடம். படத்தில் இல்லாததை நான்தான் சொல்ல வேண்டும் என்று தெரிந்தே கேட்டாய். மூன்று இரவு யோசித்து, பதினோரு தடவை அடித்து எழுதி, அவர் சொல்வதைக் கண்டுபிடித்துவிட்டேன். நன்றாகவே வந்திருக்கிறது. நீ ஜூஸ் வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பாய். ஆனால் இங்கே எழுத மாட்டேன், இதை எல்லோரும் படிப்பார்கள். வருகிற திங்கட்கிழமை, கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோ வருவதற்கு முன்னால், என் இடப்பக்கம் திரும்பிச் சொல்கிறேன்.

உன் வலப்பக்கத்தை யாருக்கும் விட்டுத்தராத,
உன் டீச்சரம்மா
கயல்விழி